பெயரா, லோகோவா: டிரேட்மார்க்கில் முதல் விண்ணப்பம் எதற்கு?

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் பலர், லோகோ வரைந்து கைக்கு வந்த உற்சாகத்தில் முதல் வேலையாக அதைத்தான் டிரேட்மார்க்குக்கு அனுப்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே ஒரு விண்ணப்பத்துக்குத்தான் கையில் பணம் இருக்கிறது என்றால் அது பெயருக்குப் போகட்டும். அலங்காரம் ஏதும் இல்லாமல், வெறும் எழுத்தாக. லோகோ காத்திருக்கலாம்.

காரணத்துக்குப் போவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தள்ளிவைத்துவிடுவோம். கம்பெனியைப் பதிவு செய்தாயிற்று, இணைய முகவரியும் வாங்கியாயிற்று, ஆகவே பெயர் நம்முடையது என்று நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். கம்பெனிப் பதிவு, அதே பெயரில் இன்னொரு கம்பெனி அந்தப் பதிவேட்டில் ஏறாமல் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான். அந்தப் பெயரைத் தன் பொருளின் மேல் ஒட்டி விற்கும் ஒருவரை நிறுத்த அந்தச் சான்றிதழ் போதாது. இணைய முகவரியோ, கட்டணம் கட்டும்வரை கையில் இருக்கும் ஒரு முகவரி. சொல்லப்போனால், இன்னொருவரின் டிரேட்மார்க்கைக் கெட்ட எண்ணத்தோடு முகவரியாக வாங்கி வைத்தவரிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொடுக்கவே, இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 1999-இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. டிரேட்மார்க் கையில் இருப்பவர் முகவரியைக் கேட்டு வாங்க வழி உண்டு. முகவரி இருக்கிறது என்பதற்காக யாரும் டிரேட்மார்க் தரமாட்டார்கள்.

பதிவு செய்வதா, சும்மா இருப்பதா

பதிவே செய்யாமல் பெயரைப் பயன்படுத்திக்கொண்டே போவதும் ஒரு வழிதான், அதை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், பதிவு இல்லாவிட்டாலும் ஒரு பெயரை நேர்மையாகப் பயன்படுத்தி நற்பெயர் சேர்த்தவருக்குச் சட்டம் கைகொடுக்கும். பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ‘டிஎம்’ என்று போட்டுக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வட்டத்துக்குள் ‘ஆர்’ போடுவது வேறு விஷயம். பதிவு ஆகாமல் அதைப் போடுவது பல நாடுகளில் குற்றம்.

சிக்கல் வழக்கு என்று வரும்போது தெரியும். பதிவு இருப்பவர் சான்றிதழை நீட்டுவார். இல்லாதவர் பழைய ரசீதுகள், விளம்பரங்கள், வாடிக்கையாளர் சாட்சியம் என்று மூட்டை கட்டிக்கொண்டு போய், இந்தப் பெயர் சொன்னால் மக்கள் மனதில் நான்தான் வருகிறேன் என்று நிரூபிக்க வேண்டும். அதுவும் எந்தப் பகுதியில் பெயர் பரவியிருக்கிறதோ அந்தப் பகுதிக்கு மட்டும்.

சீனா போன்ற நாடுகளிலோ, முதலில் விண்ணப்பித்தவர் கைதான் ஓங்கும். ஐபேட் பெயருக்கு நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். அந்தப் பெயரை ப்ரோவியூ என்ற நிறுவனம் முன்பே பல நாடுகளில் பதிந்து வைத்திருந்தது. ஆப்பிள் 2009-இல் இன்னொரு கம்பெனி வழியாக அதை 35,000 பவுண்டுக்கு வாங்கியது. வாங்கியது தைவான் கிளையிடமிருந்து. சீனப் பதிவு ஷென்ஜென் கிளையின் பெயரில் இருந்தது. கடைசியில் 2012-இல் 6 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்ய வேண்டியதாயிற்று. அத்தனை வக்கீல்கள் இருக்கும் இடத்திலேயே பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதில் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

வெறும் பெயரா, லோகோவா

பெயரை வெறும் எழுத்தாகப் பதிந்தால், அதை நாளைக்கு எந்த எழுத்துருவில், எந்த நிறத்தில், எந்த அளவில் எழுதினாலும் அந்தப் பதிவு கூடவே வரும். போட்டியாளர் அதே பெயரை வேறு படத்தோடு போட்டாலும் தப்ப முடியாது. லோகோவின் பாதுகாப்பு அந்த உருவத்தைச் சுற்றியே நிற்கும். நிறம்கூடப் பிரச்சினையாகும். கறுப்பு வெள்ளையில் பதிந்துவிட்டால் எல்லா நிறமும் அதில் அடங்கிவிடும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. ஐரோப்பாவில் 2014-இலிருந்து அப்படிக் கணக்கில் எடுப்பதில்லை.

அப்புறம், லோகோ மாறும். 1971-இல் தொடங்கிய ஸ்டார்பக்ஸ், 1987, 1992, 2011 என்று மூன்று தடவை லோகோவை மாற்றியது. கடைசி மாற்றத்தில் படத்திலிருந்து எழுத்தையே எடுத்துவிட்டார்கள். பெயர் மட்டும் அசையவில்லை. பதிந்த லோகோவை அடையாளம் மாறும் அளவுக்குத் திருத்தினால் பழைய பதிவிலேயே அதைச் சேர்க்க விடமாட்டார்கள், புது விண்ணப்பம்தான். பழைய லோகோவை யாரும் பயன்படுத்தாமல் போனால் அந்தப் பதிவும் சில ஆண்டுகளில் ரத்துக்கு இலக்காகும்.

இந்த ஒப்பீட்டில் பெரும்பாலும் கவனிக்கப்படாத ஒன்று உண்டு. லோகோ ஓர் ஓவியம். அதனால் டிரேட்மார்க் இல்லாவிட்டாலும் அதற்குக் காப்புரிமை (காப்பிரைட்) என்ற இன்னொரு கவசம் வரைந்த நிமிடத்திலேயே கிடைத்துவிடுகிறது. ஒரு சொல்லுக்கு, ஒரு பெயருக்கு, காப்புரிமை கிடையாது. பெயருக்கு இருக்கும் வலுவான காவல் டிரேட்மார்க் பதிவு ஒன்றுதான். ஏற்கெனவே கவசம் போட்டிருப்பவனுக்கு இரண்டாவது கவசம் மாட்டிவிட்டு, வெறும் உடம்போடு நிற்பவனை வெயிலில் விடுவது என்ன கணக்கு? (அந்தக் காப்புரிமையும் பல நாடுகளில் எழுதி வாங்காதவரை வரைந்து கொடுத்தவரிடமே இருக்கும். வெளியாளிடம் லோகோ வாங்கியவர்கள் இதை இன்றைக்கே சரிபார்த்துக்கொள்வது நல்லது.)

லோகோ ஜெயிக்கும் இடமும் இருக்கிறது. பிரிட்டனில் 1876 ஜனவரி 1-இல் பதிவான முதல் டிரேட்மார்க், பாஸ் பீர் கம்பெனியின் சிவப்பு முக்கோணம். படிக்கத் தெரியாதவருக்கும், அந்த எழுத்தையே அறியாத ஊர்க்காரருக்கும் படம் பேசும். பொருளைப் பார்த்து எடுக்கும் இடத்தில் படத்துக்கு மதிப்பு அதிகம். ஆனால் ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும்போதும், தேடுபொறியில் தட்டும்போதும் வருவது பெயர்தான்.

பெயரையும் படத்தையும் சேர்த்து ஒரே விண்ணப்பத்தில் போட்டால் ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அல்லவா என்று கேட்பார்கள். மாங்காய் விழும், ஆனால் இரண்டும் ஒட்டிக்கொண்டு விழும். எப்போதும் அந்தச் சேர்க்கையாகவே பயன்படுத்த வேண்டியிருக்கும். படத்தை மாற்றினால் அடித்தளம் ஆட்டம் காணும்.

நான் அதிகம் பயப்படுவது இன்னொன்றுக்கு. தண்ணீர் வடிகட்டி விற்பவர் ஒருவர் ‘தூய நீர்’ என்று பெயர் வைக்கிறார் என்று வையுங்கள். பொருளின் தன்மையைச் சொல்லும் பெயரை ஒருவருக்கே எழுதிக்கொடுக்க முடியாது என்று டிரேட்மார்க் அலுவலகம் மறுக்கும். உடனே யாராவது யோசனை சொல்வார்கள்: ‘ஒரு நீர்த்துளி வரைந்து லோகோவாகப் போடுங்கள், கிடைத்துவிடும்.’ உண்மையிலேயே கிடைத்துவிடும். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியும் விடுவார். ஆறு மாதத்தில் இன்னொருவர் ‘தூய நீர்’ என்று எழுதி, பக்கத்தில் ஓர் அருவி வரைந்து விற்க வருவார். அவரை ஒன்றும் செய்ய முடியாது. ஏனென்றால் பதிவானது துளிதான், சொல் அல்ல.

டிரேட்மார்க்கில் சுலபமாகக் கிடைப்பது கொஞ்சமாகத்தான் காக்கும் என்பது என் கணக்கு. அந்த நிலையில் லோகோச் சான்றிதழுக்குச் செலவழிக்கும் பணத்தில் பெயரையே மாற்றிவிடலாம். 1888-இல் ஈஸ்ட்மன் ‘கோடக்’ என்ற சொல்லை உருவாக்கியபோது அதற்கு எந்த மொழியிலும் பொருள் இல்லை. அதுதான் அதன் பலம். கணினிக்கு ‘ஆப்பிள்’ என்பதும் அப்படியே: பழக் கடைக்கு ஆகாத பெயர், கணினிக்கு அருமையான பெயர். வாடிக்கையாளருக்கு உடனே புரிய வேண்டும் என்று வணிக ஆலோசகர் சொல்வார், புரியாமல் இருந்தால்தான் காக்க முடியும் என்று வக்கீல் சொல்வார். பெயர் வைக்கும் கட்டத்தில் வக்கீல் பக்கம் சாய்வது நல்லது.

வகுப்புகள் பற்றிச் சுருக்கமாக. பெயர் எந்தப் பொருளுக்கு, எந்தச் சேவைக்கு என்று விண்ணப்பத்தில் குறிக்க வேண்டும், அதற்கான பிரிவுகள்தான் இவை. 1957-இல் ஏற்பட்ட நீஸ் ஒப்பந்தப்படி பொருள்களுக்கு 34, சேவைகளுக்கு 11, ஆக 45 வகுப்புகள். ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் தனிக் கட்டணம். இரண்டில் போடுவதா, பத்தில் போடுவதா என்றால், இன்று விற்பதற்கும் அடுத்த சில ஆண்டுகளில் விற்கப்போவதற்கும் போதும். பேராசையாக அள்ளிப்போட்டுப் பயன்படுத்தாமல் விட்டால், ஐரோப்பாவில் 5 ஆண்டுகளிலும் சீனாவிலும் ஜப்பானிலும் 3 ஆண்டுகளிலும் ரத்து கேட்டு யாரும் வரலாம். ‘பிக் மேக்’ என்ற தன் பர்கர் பெயரையே, கோழி இறைச்சிப் பொருள்களுக்குப் பயன்படுத்தியதை நிரூபிக்க முடியாமல் மெக்டொனால்ட்ஸ் 2024-இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஓரளவு இழந்தது.

நாடு நாடாகவா, மாட்ரிட் வழியாகவா

டிரேட்மார்க் உரிமை பதிந்த நாட்டோடு நின்றுவிடும். உலகம் முழுக்கச் செல்லும் ஒரே பதிவு என்று ஒன்று இல்லை. வெளிநாட்டில் விற்க நினைப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு நாட்டிலும் உள்ளூர் முகவர் வைத்துத் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம். அல்லது, ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பு நடத்தும் மாட்ரிட் முறையில், சொந்த நாட்டு விண்ணப்பத்தை அடிப்படையாக வைத்து ஒரே மனுவில் பல நாடுகளைக் குறிக்கலாம்.

மாட்ரிட் மலிவு, ஒரே மொழி, பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் புதுப்பித்தால் போதும். முகவரி மாறினால்கூட ஒரே மனுதான். ஆனால் முதல் 5 ஆண்டுகளுக்கு அத்தனை நாட்டுப் பதிவும் சொந்த நாட்டுப் பதிவில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆணிவேரை அறுத்தால் கிளையெல்லாம் காய்ந்துவிடும். அடிப்படைப் பதிவு விழுந்தால், 3 மாதத்துக்குள் ஒவ்வொரு நாட்டிலும் தனி விண்ணப்பமாக மாற்றிப் பழைய தேதியைக் காப்பாற்ற முடியும். அதற்கு ஆகும் செலவில் மாட்ரிட்டின் மலிவு கரைந்துபோகும். நேரடி விண்ணப்பத்தில் இந்தப் பயம் இல்லை. ஒன்று விழுந்தால் மற்றது நிற்கும்.

சொந்த நாட்டில் பதிவு உறுதியான பிறகு மாட்ரிட்டுக்குப் போகலாமே என்றால், அங்கே இன்னொரு கடிகாரம் ஓடுகிறது. 1883-இன் பாரிஸ் ஒப்பந்தப்படி, வேறு நாட்டில் பிறகு விண்ணப்பித்தாலும் முதல் விண்ணப்பத் தேதியையே கணக்கில் எடுக்கும் முன்னுரிமை 6 மாதத்துக்குத்தான். பல நாடுகளில் அலுவலகப் பரிசோதனை அதற்குள் முடிவதில்லை. ஆகவே பெயர் வலுவானது, தேடிப் பார்த்ததில் இடையூறு ஏதும் தெரியவில்லை, நாலைந்து நாடுகளுக்கு மேல் வேண்டும் என்றால் மாட்ரிட். ஒன்றிரண்டு நாடுகள்தான், அல்லது சொந்த நாட்டிலேயே எதிர்ப்பு வரும்போல் இருக்கிறது என்றால் நேரடி வழி. தைவான் மாட்ரிட்டில் இல்லை, அங்கே எப்படியும் நேரடிதான்.

மாட்ரிட்டால் ஆகாத காரியம் இன்னொன்று உண்டு. அடிப்படை விண்ணப்பத்தில் எப்படி இருக்கிறதோ அதே வடிவம்தான் எல்லா நாட்டுக்கும் போகும். தமிழ் எழுத்தில் பதிந்த பெயர் தமிழ் எழுத்திலேயே போகும். சீனாவில் மக்கள் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனைச் சீன எழுத்தில் ‘சியாவ்தான்’ என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயரை அங்கே ஒரு விளையாட்டு உடை நிறுவனம் பதிந்துகொண்டது. 2012-இல் வழக்குப் போட்டவருக்கு, 2016 டிசம்பரில்தான் சீன உச்ச நீதிமன்றத்தில் ஓரளவு வெற்றி கிடைத்தது. அங்கத்திய வாயில் உங்கள் பெயர் எப்படி ஒலிக்கும் என்று கேட்டு, அந்த எழுத்தில் ஒரு நேரடி விண்ணப்பத்தையும் கூடவே போட்டுவிடுங்கள்.