ஹூஸ்டன் புழுக்கத்தில் பெல்லட் ஸ்மோக்கர்: வாளியையும் சேர்த்து வாங்குங்கள்

பெல்லட் என்கிற மரத்தூள் குச்சிகளை எரித்து அந்தப் புகையிலும் சூட்டிலும் கறியை மெதுவாக வேகவைக்கும், கரன்ட்டில் ஓடும் அடுப்புதான் பெல்லட் ஸ்மோக்கர். அதை வாங்கலாமா என்று கேட்கிற நம் ஆட்கள் எல்லோரும் முதலில் விசாரிப்பது எந்த பிராண்ட் என்பதைத்தான். ஹூஸ்டனில் இருந்துகொண்டு கேட்டால் என் பதில் வேறு. பெல்லட்டை எங்கே வைக்கப் போகிறீர்கள், அதை முதலில் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது நடுத்தர விலை மாடல். பெயர் வேண்டாம். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் உள்ளே வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் டிரேகர் குடும்பம் எண்பதுகளில் இதைக் கொண்டுவந்தது. அவர்களுடைய காப்புரிமைக் காலம் முடிந்ததும் ஆளாளுக்குச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். பக்கவாட்டில் பெல்லட் கொட்டும் பெட்டி, அதுதான் ஹாப்பர். அதன் அடியில் ஆகர் என்ற திருகுத்தண்டு சுற்றிச் சுற்றி பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். ஒரு கம்பி சூடாகிப் பற்றவைக்கும், விசிறி ஊதும், சூட்டைப் பார்த்துக்கொள்வது கன்ட்ரோலரின் பாடு. 225 டிகிரி ஃபாரன்ஹீட் என்று வைத்துவிட்டு நான் துணி மடிக்கப் போய்விடலாம்.

சமையலைப் பொறுத்தவரை குறை சொல்ல மனசு வராது. ஹில்கிராஃப்ட் பக்கம் ஹலால் கடையில் ஆட்டுத் தொடையை முழுசாக வாங்கிவருவேன். இஞ்சி, பூண்டு, மிளகு, மல்லி அரைத்துத் தடவி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் ஊறவேண்டும். காலையில் பெக்கான் மர பெல்லட் போட்டு, கறியை எதாலும் மூடாமல் இரண்டு மூன்று மணி நேரம் புகை பிடிக்க விடுவேன். அப்புறம் சின்ன வெங்காயத்தோடு ஒரு தட்டில் வைத்து அலுமினியத் தாளால் இறுக்கி மூடி, உள்சூடு 200 டிகிரியை நெருங்கும்வரை விட்டால் எலும்பைப் பிடித்துத் திருப்பினாலே கையோடு வந்துவிடும். தட்டில் தேங்கும் சாற்றைச் சோற்றில் பிசைந்துதான் சாப்பிடவேண்டும், ரொட்டியெல்லாம் அதற்கு ஈடாகாது. கோழிக்கு மட்டும் 225 சரிப்படாது. தோல் ஜவ்வாக இழுக்கும். கடைசியில் 400க்கு ஏற்றிவிடுங்கள்.

புகை மணம் கொஞ்சம் அடக்கம்தான். புகையில் வாட்டிய கறிக்குப் பேர்போன டெக்சாஸ் ஊரான லாக்ஹார்ட் போய் ஓக் விறகில் வாட்டிய பிரிஸ்கெட்டை (மாட்டு நெஞ்சுக்கறி) சாப்பிட்டவர்களுக்கு இது போதாது என்று தோன்றும். எனக்குப் போதும். அங்கே ராத்திரியெல்லாம் ஒருவர் தீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அதற்கு ஆள் கிடையாது.

சரி, பெல்லட் விஷயத்துக்கு வருவோம். மரத்தூளை அழுத்தி வார்த்த, சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள குச்சிதான் பெல்லட். பசை எதுவும் கிடையாது. அழுத்தும்போது கிளம்பும் சூட்டில் மரத்திலேயே இருக்கிற லிக்னின் என்ற பிசின் போன்ற பொருள் இளகி, ஆறியதும் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. ஆலையிலிருந்து வரும்போது அதில் ஈரம் 10 சதவீதத்துக்கும் கீழே. ஆனால் மரம் சும்மா இருக்காது. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதமாக நீடித்தால் சாதாரண மரக்கட்டையே மெதுவாக 16 சதவீதம்வரை ஈரம் ஏற்றிக்கொள்ளும். ஹூஸ்டனில் கோடைக்காலத்து விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடுவது சர்வசாதாரணம். ஈரம் ஏறினால் லிக்னினின் பிடி விட்டுப்போய் பெல்லட் ஊதும், உதிரும், மறுபடி மரத்தூளாகவே ஆகிவிடும்.

அதன் விளைவைப் பக்கத்து வீட்டில் பார்த்தேன். ஹாப்பர் நிறைய பெல்லட்டோடு மெஷினை முற்றத்தில் விட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தார்கள். மேலே உறை போட்டுத்தான் இருந்தது, மழையும் உள்ளே போகவில்லை. திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால் மோட்டார் முனகுகிறது, தண்டு அசையவில்லை. என் வீட்டுக்காரரும் அவரும் சேர்ந்து மோட்டாரைக் கழற்றி ஆகரை உருவினார்கள். திருகுகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் சிமென்ட் பூசியதுபோல இறுகிக் கிடந்தது. ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் வைத்துக் கொத்தியெடுக்க ஒரு மத்தியானம் போய்விட்டது. கம்பெனிக்குப் போன் செய்தால் ஈரத்தால் வந்த கோளாறு வாரன்டியில் வராது என்று சொல்லிவிட்டார்களாம். கையேட்டில் வறண்ட இடத்தில் வைக்கவும் என்று ஒரே ஒரு வரி. மெக்சிகோ வளைகுடாக் கரையில் வறண்ட இடத்துக்கு எங்கே போவது?

நான் தூத்துக்குடிக்காரி. அப்பளம் நமுத்துப்போகும் ஊரில் டப்பாவின் மூடிதான் முக்கியம் என்று சின்ன வயசிலேயே தெரியும். அதனால் ஸ்மோக்கரோடு சேர்த்தே 5 கேலன் வாளிகளும், ரப்பர் வளையம் வைத்துத் திருகி மூடுகிற மூடிகளும் வாங்கினேன். கோயம்புத்தூர்க்காரரான என் வீட்டுக்காரர், “பையிலேயே இருந்துட்டுப் போகட்டுமே” என்றார். பல பைகளில் காற்று போவதற்கென்றே ஊசித்துளைகள் இருப்பதைக் காட்டியதும் பேச்சில்லை. 20 பவுண்டு பை ஒன்று ஒரு வாளியில் தாராளமாகக் கொள்ளும். ஒவ்வொரு மர வகைக்கும் ஒரு வாளி, மூடிமேல் பெயர் எழுதிய டேப். கராஜில் சிமென்ட் தரைமேல் நேராக வைப்பதில்லை, கீழே பலகை உண்டு. அந்த மூடிதான் இந்த மொத்த ஏற்பாட்டிலும் காசுக்கு ஏற்ற பொருள். வாளியும் மூடியும் சேர்ந்து ஒரு பை பெல்லட்டின் விலைதான் வரும்.

ஹாப்பரைச் சேமிப்புப் பெட்டியாக நினைக்கக் கூடாது. சமையல் முடிந்ததும் ஷட் டவுன் கொடுத்து, விசிறி தானாக நிற்கும்வரை விடவேண்டும். கிண்ணத்தில் மிச்சமிருப்பது அப்போதுதான் எரிந்து தீரும். பிறகு ஹாப்பரின் பின்பக்கக் கதவைத் திறந்து மீதியை வாளிக்கே திருப்பிவிடுவேன். எங்கள் மாடலில் அந்தக் கதவு கை நுழையாத அளவுக்குச் சின்னது. மூலையில் தங்குகிற தூளைக் கரண்டிக் காம்பால்தான் தள்ளவேண்டியிருக்கிறது. வடிவமைத்தவருக்கு ஈரக்காற்று என்றால் என்னவென்றே தெரியாது போலிருக்கிறது.

ஈரம் ஏறிவிட்டதா என்று தெரிய இரண்டு பெல்லட்டை எடுத்து ஒடித்துப் பாருங்கள். சட்டென்று முறிந்து மேற்பரப்பு பளபளத்தால் நல்லது. வளைந்தாலோ விரலில் பொடிந்தாலோ தூக்கிப் போடுங்கள், வெயிலில் காயவைத்து மீட்க முடியாது. அரைகுறை பெல்லட்டில் தீ அணைந்துபோய்க் கிண்ணத்தில் குவியும். அதைத் துடைக்காமல் மறுபடி பற்றவைத்தால் மொத்தமும் ஒரே நேரத்தில் எரியும், அது விபத்து.

இன்னொரு குறை, மின்சாரம். 2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் வந்தபோது ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்குக் கரன்ட் இல்லை. ஃபிரீசரில் இருந்த கறி இளக ஆரம்பித்துவிட்டது, ஸ்மோக்கர் வெறும் இரும்புப் பெட்டியாக நின்றது. பழைய கரி அடுப்பில்தான் எல்லாவற்றையும் சுட்டு அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தோம். இதை வாங்கினாலும் அதை விற்றுவிடாதீர்கள்.

பெல்லட் வாங்கும்போது கடைக்கு வெளியே நடைபாதையில் அடுக்கியிருப்பது எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். உள்ளே இருக்கும் பையைத் தூக்கி, அடி மூலையை விரலால் அமுக்குங்கள். குச்சி குச்சியாகத் தட்டுப்பட்டால் வண்டியில் ஏற்றலாம். மாவு மாதிரி அமுங்கினால் அடுத்த பை.