நிக்கான் டி3500-க்கு வைட் லென்ஸ்: 10-20ஆ, 11-16ஆ?

டி3500, டி5600 கேமரா வைத்திருப்பவர்கள், கூடவே வந்த கிட் லென்ஸுக்கு அடுத்து, அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸ் தேடினால், பேச்சு பெரும்பாலும் இரண்டில் வந்து நிற்கும்: நிக்கானின் ஏஎஃப்-பி 10-20 மிமீ விஆர், டோக்கினாவின் 11-16 மிமீ எஃப்/2.8. மிமீ குறையக் குறையக் காட்சி அகலமாகும்.

முதலில் அகலம். 3 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரில் கிட் லென்ஸின் 18 மிமீ சுமார் 3.9 மீட்டரைப் பிடிக்கும். 11 மிமீ 6.4 மீட்டர், 10 மிமீ 7 மீட்டர். ஒரு மில்லிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம்; சின்ன அறையில் கதவு நிலை படத்துக்குள் வருவதும் வெட்டுப்படுவதும் அதில்தான்.

எடையில் போட்டியே இல்லை. நிக்கான் 230 கிராம், டோக்கினா அதைப்போல இரு மடங்குக்கும் மேல். டோக்கினாவை டி3500 போன்ற குட்டி கேமரா பாடியில் மாட்டினால் முன்பக்கம் தொங்கும்.

டோக்கினாவுக்குக் கூடுதல் காசு கொடுக்க ஒரே காரணம் இரவு வானம். எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விடும். டோக்கினாவின் எஃப்/2.8-இல் 30 விநாடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 வைத்தால் கிடைக்கும் வெளிச்சத்துக்கு, நிக்கானின் எஃப்/4.5-இல் ஐஎஸ்ஓ 8000 வரை ஏற்ற வேண்டும். நிழல் பகுதியெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். ஆனால் அசையாத தூண்களையும் மண்டபங்களையும் கையில் பிடித்தே எடுப்பவருக்குக் கதை தலைகீழ். கை நடுக்கத்தைச் சமாளிக்கும் விஆர் இருப்பதால் 1/8 விநாடியிலும் நிக்கானில் கூர்மை கிடைக்கும். டோக்கினாவில் அந்த வசதி இல்லை, ட்ரைபாட் வேண்டும். கட்டடத்தின் விளிம்பு வானத்தைத் தொடும் இடத்தில் ஊதாக் கோடு விழுவதும் டோக்கினாவின் பழைய வியாதி.

பழைய சரக்கு வாங்குபவர்கள் ஏமாறுவது மோட்டாரில். டோக்கினாவின் முதல் பதிப்பில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. டி3000, டி5000 வரிசை பாடிகளிலும் இல்லை. ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். 'டிஎக்ஸ் II' என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்தே காசை நீட்டுங்கள். நிக்கானிலும் ஒரு கண்ணி உண்டு: டி3200, டி5100 போன்ற பழைய பாடிகளில் ஏஎஃப்-பி லென்ஸ் ஃபோகஸே ஆகாது. டி3300, டி5300-இல் புதிய ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) ஏற்றினால் சரியாகும். விஆர் பட்டனை லென்ஸில் தேடாதீர்கள், மெனுவில் இருக்கும்.

எதை வாங்கினாலும் கேமராவை அண்ணாந்து பிடித்தால் கோபுரம் பின்னால் சாயும். குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபடும். 16 மிமீக்கு ஜூம் செய்து, ஆட்களை நடுவில் நெருக்கி நிறுத்துங்கள். வானத்துக்குப் போலரைசர் ஃபில்டர் மாட்டினால் நீலம் ஒரு பக்கம் மட்டும் கருத்துத் திட்டாகும், கழற்றிவிடலாம்.

நட்சத்திரம் எடுக்கும் எண்ணம் இல்லையென்றால் 10-20 போதும்.