அஸீஸ் நெஸினின் தன்வரலாறு: ஒரு மதிப்புரை

துருக்கியின் நையாண்டி எழுத்தாளர்களுள் உலகெங்கும் அதிகம் வாசிக்கப்பட்டவரான அஸீஸ் நெஸின், நூற்றுக்கும் மேற்பட்ட நூல்களை எழுதியவர். அவரைப் புதிதாகப் படிக்க வருபவர்களுக்குச் சிறுகதைத் தொகுப்புகளையே பெரும்பாலோர் பரிந்துரைக்கிறார்கள். நான் பரிந்துரைப்பது, 'இப்படியே வந்தது, இப்படியே போகாது' என்ற பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய தன்வரலாற்றை. அதன் முதல் பாகம் துருக்கிய மொழியில் 1966இல் வெளிவந்தது. ஜோசப் ஜேக்கப்சனின் ஆங்கில மொழிபெயர்ப்பை, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மத்திய கிழக்கு ஆய்வு மையம் 'இஸ்தான்புல் பையன்' என்ற பெயரில் 1977 முதல் பாகம் பாகமாக வெளியிட்டது. இந்த மதிப்புரை அந்த ஆங்கிலப் பதிப்பைப் பற்றியது.

நூலின் தொடக்கத்தில் அவர் தன் தாய்க்கு எழுதிய கவிதை இருக்கிறது. பதினைந்து வயதில் தன்னைப் பெற்று, இருபத்தாறு வயதில், வாழாமலேயே இறந்துபோன தாய் அவர். படம் எடுத்துக்கொள்வது பாவம் என்று கருதப்பட்ட காலம் என்பதால் அவருடைய புகைப்படம் ஒன்றுகூட மகனிடம் இல்லை. அந்தத் தாய் நாடகமோ திரைப்படமோ பார்த்ததில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. கறுப்புத் திரைக்குப் பின்னிருந்தே உலகைப் பார்த்தவர். இனி எந்தத் தாயும் வாழாமல் சாகக் கூடாது என்று சொல்லி முடியும் அந்தக் கவிதையின் கடைசி வரிகளிலிருந்துதான் நூலுக்குத் தலைப்பு கிடைத்திருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால், பின்னால் வரும் நகைச்சுவை எதற்காக எழுதப்பட்டது என்பது தெளிவாகிவிடும். நெஸினின் கேலி எளிய மனிதர்களின் அறியாமையை ஒருபோதும் குறிவைக்காமல், அவர்களை அந்த நிலையில் வைத்திருக்கும் ஏற்பாடுகளையே குறிவைக்கிறது. இந்த வேறுபாட்டை அவருடைய வேறெந்த நூலும் எனக்கு இவ்வளவு துலக்கமாகக் காட்டியதில்லை.

மெஹ்மெத் நுஸ்ரெத் என்ற இயற்பெயர் கொண்ட அவர், 1915 டிசம்பர் 20 அன்று, மர்மரா கடலில் இஸ்தான்புல்லுக்கு அருகில் உள்ள ஹெய்பெலியாடா தீவில் பிறந்தார். அது செல்வந்தர்கள் கோடைக்காலத்தைக் கழிக்கும் தீவு. ஏழைகள் இல்லாமல் பணக்காரர்களால் வாழ முடியாது என்பதால்தான் தங்கள் குடும்பமும் அங்கே இருந்தது என்று நெஸின் எழுதுகிறார். தந்தை அப்துல் அஸீஸ், துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் கிராமம் ஒன்றிலிருந்து பதின்மூன்று வயதில் பிழைப்புத் தேடி வந்த தோட்டக்காரர். முதல் உலகப் போர், அதன்பின் நேச நாடுகளின் படைகள் இஸ்தான்புல்லைப் பிடித்து வைத்திருந்த ஆண்டுகள், அனத்தோலியாவில் நடந்த விடுதலைப் போர், சுல்தானியத்தின் முடிவு, குடியரசின் பிறப்பு என்று வரலாற்று நூல்கள் பெரிய எழுத்தில் அச்சிடும் நிகழ்ச்சிகள் யாவும் இந்தக் குடும்பத்தின் வாசலில் பசியாகவும் நோயாகவும் வந்து நிற்கின்றன. உடன்பிறந்த நால்வர் பிழைக்கவில்லை. அந்த இழப்புகளைச் சொல்லும்போது நெஸினின் குரல் உயர்வதே இல்லை. சோகத்தைச் சொல்லும் இடங்களில் ஓரிரு வாக்கியங்களோடு நின்றுகொள்ளும் இந்த அடக்கமே நூலின் மிகப் பெரிய பலம்.

தாயைப் பற்றிய பகுதிகளில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். சிறுவன் தோட்டத்துப் பூவைப் பறித்து வந்து தாயிடம் கொடுக்கிறான். தாய் மகிழ்ந்து வாங்கிக்கொண்டு, பிறகு அவனைத் தோட்டத்துக்கே அழைத்துச் சென்று, பூக்களுக்கும் உயிர் உண்டு, செடியிலேயே இருந்தால்தான் அவை வாழும் என்று காட்டுகிறார். இதை இன்னொருவர் எழுதியிருந்தால் நீதிக்கதை ஆகியிருக்கும். தன்னிடம் உள்ள நல்லது எல்லாம் அந்தத் தாய் தந்தது என்ற நன்றியுணர்வோடு நெஸின் எழுதுவதால், எழுத்தறியாத ஓர் இளம்பெண்ணின் நுண்ணறிவுக்கு அது சாட்சியாகிறது.

தந்தையின் சித்திரம் இதைவிடச் சிக்கலானது. ஆழ்ந்த மதப்பற்று உள்ளவர், மகன் குர்ஆனை மனனம் செய்ய வேண்டும் என விரும்பியவர், மகன் எழுத்தாளனாவதை ஒப்புக்கொள்ளாதவர். கருத்தளவில் மகன் அவரிடமிருந்து வெகுதூரம் விலகிச் சென்றார். ஆனாலும் தந்தையைத் தாழ்த்தும் ஒரு வரியைக்கூட நான் இந்த நூலில் காணவில்லை. அவ்வளவு ஏன், உலகம் அறிந்த அஸீஸ் என்ற பெயரே தந்தையுடையதுதான். இராணுவ அதிகாரியாக இருந்தபோது சொந்தப் பெயரில் எழுத முடியாததால் மகன் அதை எடுத்துக்கொண்டார். பின்னாளில் காவல்துறை தேடும் பெயராக அது மாறியபோது, உண்மையான அஸீஸாகிய முதியவர், தான் அந்த எழுத்தாளர் அல்ல என்று அலுவலகங்களில் விளக்கிக்கொண்டிருக்க நேர்ந்தது. வெளிநாடுகளிலிருந்து உரிமைத்தொகை வரத் தொடங்கியபோது, அடையாள அட்டையில் நுஸ்ரெத் என்று இருந்த மகன், தான்தான் அஸீஸ் நெஸின் என்று மெய்ப்பிக்கப் பாடுபட்டார்.

இந்த அனுபவத்தை அறிந்த பிறகு 'யாஷர் வாழ்கிறானா, வாழவில்லையா' என்பது போன்ற தலைப்புடைய அவரது 1977ஆம் ஆண்டு நாவலைப் படிப்பவர்களுக்கு அது வேறு நூலாகத் தெரியும். அதன் நாயகன் 1915இல், முதல் உலகப் போரின்போது நடந்த சனக்கலே (கலிப்போலி) போரிலேயே இறந்துவிட்டதாகப் பதிவேடு சொல்கிறது. அப்போது அவன் பிறக்கவே இல்லை. படைக்கு ஆள் எடுக்கவும் தந்தையின் கடனை வசூலிக்கவும் அரசுக்கு அவன் உயிரோடு இருப்பவன். பள்ளியில் சேரவும், அடையாள அட்டை கேட்கவும், தந்தையின் சொத்தைப் பெறவும் போனால் இறந்தவன். கற்பனையின் உச்சம் என்று விமர்சகர்கள் பாராட்டும் இந்த நாவலின் வேர், எழுத்தாளரின் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

நூலின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். தன்வரலாறு குழந்தைப் பருவத்திலும் பள்ளிக்காலத்திலும் மிக நிதானமாகத் தங்கிவிடுகிறது. தாரூஷ்ஷஃபாகா பள்ளி, குலேலி இராணுவப் பள்ளி என்று தொடரும் அந்தப் பாதையில், ஏழைப் பிள்ளைகள் இலவசமாகப் படிக்கக்கூடிய இடங்களாக இராணுவப் பள்ளிகளே இருந்ததால் எழுத்தாளராக விரும்பிய சிறுவன் சிப்பாயாக நேர்ந்த நிலைமை விரிவாக விளங்குகிறது. ஆனால் 1944இல் இராணுவத்தை விட்டு வெளியேறிய பிறகு அவர் எதிர்கொண்டவற்றை வாசகர் வேறு நூல்களில்தான் தேட வேண்டும். எழுத்தாளர் சபாஹத்தின் அலியுடன் சேர்ந்து 1946 நவம்பரில் தொடங்கிய 'மார்க்கோ பாஷா' என்ற நையாண்டி வார இதழ், தடை செய்யப்படும்போதெல்லாம் பெயரை மாற்றிக்கொண்டு மீண்டும் வெளிவந்தது. அமெரிக்க உதவியை எதிர்த்து எழுதிய துண்டறிக்கைக்காக 1947இல் பத்து மாதச் சிறையும் துருக்கியின் பூர்சா நகருக்கு ஊர்கடத்தலும் தண்டனையாகக் கிடைத்தன. பிரிட்டனின் இளவரசி எலிசபெத், ஈரானின் ஷா, எகிப்தின் மன்னர் ஃபாரூக் ஆகியோரை இழிவுபடுத்தியதாகத் தூதரகங்கள் புகார் கொடுத்ததன் பேரில் 1949இல் ஆறு மாதச் சிறை. இருநூறுக்கும் மேற்பட்ட புனைபெயர்களில் எழுத நேர்ந்தது இத்தகைய நெருக்கடிகளால்தான். 1956இல் இத்தாலியின் போர்திகேரா நகரில் நடந்த நகைச்சுவை எழுத்துப் போட்டியில் தங்கப் பனை விருதைப் பெற்ற பிறகே பத்திரிகைகள் அவர் பெயரைத் துணிந்து அச்சிட்டன. மறு ஆண்டும் அதே விருதை அவருக்குப் பெற்றுத் தந்த கதை, தேடப்படும் ஒரு பருத்த மனிதனின் அடையாளங்கள் அறிவிக்கப்பட்டதும் காவலர்கள் கண்ணில் பட்ட பருத்த மனிதர்களையெல்லாம் பிடித்து வருவதைப் பற்றியது.

பூர்சா நாட்களை அவர் 1957இல் தனி நூலாக எழுதியிருக்கிறார். பழகியவர்கள் தன்னோடு பேசப் பயந்து ஒதுங்கிய அந்த மாதங்களைப் பற்றிய அச்சிறு நூலை, தன்வரலாற்றின் விடுபட்ட பாகமாகவே கருதிப் படிக்கலாம். இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர்களுக்கு நெஸினின் வாழ்க்கை பாதியில் நின்றுபோனதாகத் தோன்றும்.

மொழிபெயர்ப்பைப் பொறுத்தவரை, ஜேக்கப்சன் மூலத்தை விட்டு விலகாத அக்கறையோடு உழைத்திருக்கிறார். ஆயினும் நெஸினின் உரையாடல்களில் இருக்க வேண்டிய விரைவு ஆங்கிலத்தில் சில இடங்களில் தளர்ந்துபோகிறது. சிரிப்பு வர வேண்டிய வாக்கியம் நீண்டு விளக்கமாகிவிடும்போது, அந்தச் சிரிப்பு வாசகரை வந்தடைவதில்லை. உதுமானியப் பேரரசின் கடைசி ஆண்டுகளைப் பற்றிய பொது அறிவு ஓரளவு இருந்தால்தான் சில பக்கங்கள் முழுமையாகப் புரியும். துருக்கி வரலாற்றில் அறிமுகம் இல்லாதவர்கள், 1908 முதல் 1923 வரையிலான நிகழ்வுகளைச் சுருக்கமாகப் படித்துவிட்டு இதைத் திறப்பது நல்லது.

நெஸினின் பிற்காலம் இந்த நூலில் இல்லை என்றாலும், இதைப் படிக்காமல் அதைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து. 1970களின் தொடக்கத்தில், இஸ்தான்புல்லுக்கு அருகில் உள்ள சதல்ஜாவில் அவர் நெஸின் அறக்கட்டளையை நிறுவித் தன் நூல்களின் உரிமைத்தொகை முழுவதையும் அதற்கே எழுதி வைத்தார். ஆதரவற்ற பிள்ளைகள் அங்கே சேர்க்கப்பட்டு, படிப்பை முடித்து ஒரு தொழிலில் கால் ஊன்றும்வரை வளர்க்கப்படுகிறார்கள். உடன்பிறந்தவர்களைப் பறிகொடுத்து, இலவசக் கல்விக்காக விரும்பாத சீருடையை அணிந்த ஒருவர், தான் சம்பாதித்ததை எங்கே செலவிட்டார் என்பது என்னை ஆழமாகத் தொட்டது. 1993 ஜூலை 2 அன்று சிவாஸ் நகரில் அவர் தங்கியிருந்த மதிமாக் விடுதிக்கு மதவெறிக் கும்பல் தீ வைத்ததில் கலைவிழாவுக்கு வந்திருந்த 33 பேரும் விடுதி ஊழியர் இருவரும் மாண்டனர். ஏணி வழியே மீட்கப்பட்ட நெஸின், அடையாளம் தெரிந்ததும் அங்கேயே தாக்கப்பட்டார். அதற்குப் பிறகும் அவர் எழுதுவதையோ பேசுவதையோ நிறுத்தவில்லை. 1995 ஜூலை 6 அன்று சேஷ்மேயில் காலமான அவரது உடல், அவர் கேட்டுக்கொண்டபடியே, சடங்குகள் இல்லாமல், இடம் தெரியாதவாறு அறக்கட்டளையின் தோட்டத்தில் புதைக்கப்பட்டது. அவருடைய மகன் அலி நெஸின், ஷிரின்ஜே கிராமத்தில் கணிதக் கிராமம் ஒன்றை நிறுவி, கணிதத்தை மக்களிடம் கொண்டுசெல்வோருக்கான லீலாவதி விருதை 2018இல் பெற்றார்.

தன்வரலாறு என்னும் வடிவத்தில் ஆர்வம் உள்ளவர்களுக்கும், நையாண்டி எழுத விரும்புகிறவர்களுக்கும் இந்த நூலைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். முதல் பாகம் நிச்சயம் படிக்க வேண்டியது; அது தனியாகவே ஒரு முழுமையான நூலாக நிற்கிறது. அடுத்தடுத்த பாகங்கள், பள்ளி வாழ்க்கையின் நுணுக்கங்களில் பொறுமை உள்ளவர்களுக்கானவை. துருக்கிய மொழி தெரிந்தவர்கள் மூலத்தையே வாங்குவது மேல். நெஸின் பதிப்பகம் அறக்கட்டளைக்காகவே நடத்தப்படுவதால், அந்தப் பதிப்புக்குக் கொடுக்கும் பணம் சதல்ஜாவில் வளரும் பிள்ளைகளுக்கே போய்ச் சேரும்.