அரண்மனை இன்று திறக்காது என்று யாராவது சொன்னால்

பாங்காக்கிற்கு முதல்முறை போகத் திட்டமிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். என்னிடமிருந்து போனது 18,000 பாட். நம் பணத்தில் 45,000 ரூபாய்க்குப் பக்கம்.

நானும் மனைவியும் பெரிய அரண்மனையைப் பார்க்க டாக்சியில் போய், தவறான பக்கத்தில் இறங்கிவிட்டோம். வாயிலைத் தேடிச் சுவரோரமாக நடந்தபோது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒருவர் எதிரே வந்தார். காலை ஒன்பதரை மணி இருக்கும்.

"இன்று புத்தருக்கு விசேஷ நாள். ஒரு மணி வரை உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி" என்றார். அவர் முகத்தில் எங்களுக்காக வருத்தம்கூடத் தெரிந்தது. அதுவரை வீணாக நிற்பானேன் என்று, என் கையிலிருந்த வரைபடத்தை வாங்கி மூன்று இடங்களைச் சுழித்துக் கொடுத்தார்: நின்ற புத்தர் கோயில், ராட்சத ஊஞ்சல், "அரசு ஏற்றுமதி நிலையம்". ஊஞ்சல் என்றதும் நான் மயங்கிவிட்டேன். தாய்லாந்து அரசவை அந்தணர்கள் திருவெம்பாவை ஓதுகிற விழாவுக்கும் அந்த ஊஞ்சலுக்கும் தொடர்பு உண்டு என்று படித்ததிலிருந்து அதைப் பார்க்க ஆசைப்பட்டுக்கொண்டிருந்தவன் நான்.

அந்த ஊர் ஆட்டோவான டுக்டுக்கையும் அவரே கைதட்டி அழைத்தார். மூன்று இடத்துக்கும் சேர்த்து 40 பாட். பெட்ரோலுக்கே காணாத தொகை. ஆனால், மீட்டருக்கு மேல் கேட்கும் ஆட்டோக்காரரிடம் வாதாடிப் பழகிய எனக்கு, குறைத்துக் கேட்கிறவர்மேல் சந்தேகம் வரவில்லை. சவாரிப் பணம் அவருக்குப் பொருட்டே இல்லை, கடைக்காரர் தரும் கமிஷன்தான் வருமானம் என்பது பிறகுதான் புரிந்தது.

நின்ற புத்தர் 32 மீட்டர் உயரம். அவசியம் பார்க்க வேண்டிய சிலை, அதில் குறை சொல்ல மாட்டேன். அங்கே ஓட்டுநர் கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லி மறைந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு நடுத்தர வயதுக்காரர் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று சாதாரணப் பேச்சு. அடுத்து எங்கே போகிறீர்கள் என்றார். சொன்னோம். "நல்ல வேளை, வரிவிலக்கு இன்றோடு முடிகிறது. என் தங்கை கல்யாணத்துக்கு அங்கேதான் நீலக்கல் வாங்கினேன். வெளிநாட்டில் விற்றால் இரண்டு மடங்கு கிடைக்கும்" என்றார். அவர் எங்களுக்கு எதையும் விற்கவில்லை, எதையும் கேட்கவில்லை, எழுந்து போய்விட்டார். அவரும் அந்தக் கூட்டத்து ஆள்தான். வெள்ளைச் சட்டைக்காரரைச் சந்தேகப்பட்டிருந்தால்கூட இவரைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன்.

அந்த "ஏற்றுமதி நிலையம்" ஒரு ரத்தினக் கடை. அங்கே குளிர்பானம் கொடுத்தார்கள், சான்றிதழ் காட்டினார்கள். மனைவி மட்டும், "என்னங்க, அரசாங்கக் கடை என்கிறார்கள், அரசு முத்திரை எங்கேயும் காணோமே" என்றாள். நான் நீலக்கல்லுக்குக் கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது டுக்டுக்கைக் காணவில்லை. அந்த 40 பாட்டைக்கூட வாங்காமல் போய்விட்டார்.

மறுநாள் அரண்மனை வாயிலுக்கே போனோம். தினமும் திறந்திருக்கும், அறிமுகமில்லாதவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம் என்று அங்கேயே பலகை வைத்திருக்கிறார்கள். அப்போதும் எனக்கு முழுதாக உறைக்கவில்லை. கமிஷனுக்காகப் பொய் சொல்லியிருப்பார்கள், கல் நல்ல கல்தான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். உள்ளே மரகதப் புத்தரைப் பார்த்தோம். பெயர்தான் மரகதம், சிலை வேறொரு பச்சைக் கல்லில் செய்தது.

ஊர் திரும்பியதும் தெரிந்த நகைக்காரரிடம் காட்டினேன். கல் போலி இல்லையாம். சூடுபடுத்தி நிறமேற்றிய மட்டரக நீலக்கல், 4,000 ரூபாய் பெறும் என்றார். போலியாக இருந்திருந்தால் புகார் சொல்லவாவது வசதியாக இருந்திருக்கும். கல் உண்மை, விலைதான் பொய். தரத்தைப் பார்த்துத் திருப்தியோடு வாங்கியதாக ரசீதில் பொடி எழுத்தில் அச்சிட்டு, அதன்கீழ் என் கையெழுத்தையும் வாங்கியிருக்கிறார்கள். பாங்காக்கில் இருக்கும்போதே விழித்திருந்தால், கல்லையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு சுற்றுலாக் காவல் துறையிடம் போயிருக்கலாம். அவர்கள் எண் 1155.

அரண்மனை காலை 8.30 மணிக்குத் திறக்கிறது. டிக்கெட் விற்பனை 3.30 வரை, வெளிநாட்டவருக்கு 500 பாட். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். மெட்ரோ ரயிலில் சனாம் சாய் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். திறந்திருக்கிறதா இல்லையா என்பதை டிக்கெட் கவுன்டரில் மட்டும் கேளுங்கள்.

அந்த டுக்டுக்காரர் ஊஞ்சலுக்கு எங்களைக் கூட்டிப்போகவே இல்லை. கடைசி நாளில் நாங்களே போய்ப் பார்த்தோம். மாநகராட்சி அலுவலகத்துக்கு எதிரே, உட்காரும் பலகையில்லாமல், சிவப்புத் தேக்குத் தூண்கள் மட்டும் உயரமாக நிற்கின்றன. கட்டணம் கிடையாது.