சிறைச் சீர்திருத்தம்: ஹால்டன் வழியா, திஹார் வழியா?

நார்வேயின் ஹால்டன் சிறை 2010-இல் திறக்கப்பட்டது. சுமார் 250 பேருக்கான இடம். சன்னல்களில் கம்பி கிடையாது. அறைக்குள்ளேயே குளியலறை, டிவி. படத்தைப் பார்ப்பவர்கள் 'இது சிறையா, ஹோட்டலா?' என்று கேட்டு அதோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அங்கே பெரிதாகத் தெரிவது காவலர்கள்தான். சம்பளத்தோடு இரண்டு ஆண்டு பயிற்சி முடித்து வருகிறார்கள். கைதிகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது, சீட்டாடுவது, பேச்சுக் கொடுப்பது எல்லாமே வேலையில் சேர்த்தி. ஒருவர் முகம் வாடினால் கேமராவுக்கு முன்பே காவலருக்குத் தெரிந்துவிடும்.

டெல்லி திஹார் சிறைக்கு 1993-இல் சிறைத்துறை ஐ.ஜி.யாக கிரண் பேடி வந்தபோது கையில் கிடைத்தது பழைய சிறை. கொள்ளளவைப் பல மடங்கு மீறிய கூட்டம். பெரும்பாலோர் விசாரணைக் கைதிகள். அவர் சுற்றில் விட்டது ஒரு பூட்டிய மனுப்பெட்டி. புகார்கள் கீழதிகாரிகள் கைபடாமல் நேராக அவரிடம் போயின. படித்த கைதிகள் மற்றவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 1994-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே முகாமில் விபாசனா தியானத்தில் அமர்ந்தார்கள்.

செலவு குறைவு என்று பார்த்தால் திஹார் வழிதான். ஆனால் 1995-இல் அவர் அங்கிருந்து போய்விட்டார். ஒரே அதிகாரியை நம்பிய ஏற்பாடு எத்தனை நாள் தாங்கும்? ஹால்டனில் உரையாடல் பயிற்சியிலேயே இருப்பதால், தலைமைக்கு யார் வந்தாலும் பழக்கம் அவ்வளவு எளிதில் போகாது. எனவே நான் ஹால்டனிடம் கட்டடத்தைக் கேட்கமாட்டேன், அந்த இரண்டு ஆண்டுப் பயிற்சியைக் கேட்பேன். மனுப்பெட்டியை நாளைக்கே வைக்கலாம். தச்சருக்கு ஒரு நாள் வேலை.