கொச்சி பியனாலே: எழுத்தாளர்களுக்கும் சுவர் தந்த விழா

ஒரு கலைவிழாவை மதிப்பிடும்போது, அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அந்த ஊரில் தங்கி, அதன் மண்ணையும் மொழியையும் தொட்டு வேலை செய்தார்களா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். அந்த அளவுகோலில் ஈராண்டுக்கொருமுறை நடத்தப்படும் விழா என்ற பொருளில் பெயர் கொண்ட கொச்சி–முசிறி பியனாலேவை இந்தியாவின் மிகச் சிறந்த கலைவிழா என்று தயக்கமின்றிச் சொல்வேன். போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு என்ற இரு கலைஞர்களின் முயற்சியால் 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய இவ்விழா, ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் இருந்த பழைய கிடங்குகளையும் வணிக மாளிகைகளையுமே தன் முதன்மைக் களமாக்கிக்கொண்டது.

அவற்றில் பெப்பர் ஹவுஸ் தனித்துச் சொல்லத்தக்கது. கல்வத்தி சாலையில் நீரை நோக்கி நிற்கும் இந்த ஓட்டுக்கூரைக் கிடங்கின் நடுவே விரிந்த முற்றமும், அதையொட்டி ஒரு நூலகமும், அமர்ந்து பேச ஒரு காபிக் கடையும் உண்டு. விழா நடக்காத காலத்திலும் கலைஞர்களை வரவழைத்துத் தங்கவைத்து, அவர்கள் படைத்ததைப் பொதுமக்களுக்குக் காட்டும் ரெசிடென்சி திட்டம் இங்குதான் நடந்துவந்தது. வந்தவர் ஊரைப் பார்க்கவும் ஊரார் வந்தவரைப் பார்க்கவும் இப்படியொரு வாசல் திறந்திருப்பது பெரிய பேறு.

ஊரைத் தொட்டுப் படைப்பதன் பயனுக்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு சான்று இருக்கிறது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் சென்னையைச் சேர்ந்த சிற்பி பெனிதா பெர்சியால், குந்திரிக்கம், வெள்ளைப்போளம், இலவங்கப்பட்டை, கிராம்பு போன்றவற்றைப் பொடித்துக் குழைத்து, கிறிஸ்தவ மரபின் உருவங்களை இதே பெப்பர் ஹவுஸில் வைத்தார். வாசனைப் பொருள்களின் வணிகமும் கிறிஸ்தவமும் கடல்வழியே வந்து கலந்த துறைமுகத்தில், ஒரு மிளகுக் கிடங்குக்குள் அந்த உருவங்கள் மணம் பரப்பி நின்றதற்கு ஈடாக வேறு எந்த ஊரின் காட்சிக்கூடத்தையும் என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை.

ஆயினும் என் மதிப்பை முழுமையாக வென்றது கலைஞர் சுதர்சன் ஷெட்டி படைப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பேற்ற 2016ஆம் ஆண்டுப் பதிப்புதான். 31 நாடுகளிலிருந்து 97 பேர் பங்கேற்ற அவ்விழாவில் அவர் ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் இணையாகக் கவிஞர்களையும் நாவலாசிரியர்களையும் தேர்ந்தெடுத்தார். எழுத்தாளரை அழைத்து ஒரு மாலை பேசவைத்து அனுப்பும் வழக்கத்திலிருந்து விலகி, அவர்களுக்கு அறையும் சுவரும் தெருவும் தரப்பட்டன. விழாவின் முதன்மைக் களமாக இருந்த பழைய வணிக வளாகமான ஆஸ்பின்வால் ஹவுஸின் நீண்ட கூடம் ஒன்றில் சிலி நாட்டுக் கவிஞர் ரவுல் சுரீட்டா கடல்நீரை நிரப்பினார். பார்க்க வந்தவர்கள் அந்த நீரில் கால் நனைய நடந்தால்தான் சுவரிலிருந்த வரிகளைப் படித்து, எதிர்ச்சுவரில் எழுதியிருந்த கவிதையை அடைய முடியும். 2015இல் துருக்கிக் கரையில் ஒதுங்கிய சிரியச் சிறுவன் ஆலன் குர்தியின் படத்தை உலகமே பார்த்தது. அதே கடலில் இறந்த அவனுடைய அண்ணன் காலிப் குர்திக்குத்தான் சுரீட்டா அக்கவிதையைப் படைத்திருந்தார். சிலியின் 1973 ராணுவப் புரட்சியின்போது கைதாகிக் கப்பலில் அடைக்கப்பட்டிருந்த கவிஞர் அவர் என்பதை அறிந்து படித்தால், அந்த நீரின் கனம் மேலும் கூடும். அச்சில் ஒரு நிமிடத்தில் படித்துவிடக்கூடிய கவிதையை உடலால் கடக்கவைத்த இந்தப் படைப்பு ஒன்றுக்காகவே எழுத்தாளர்களை அழைத்த முடிவு சரியென்று சொல்லிவிடலாம்.

ஸ்லோவேனியக் கவிஞர் அலெஷ் ஷ்டேகர் சாணமும் மண்ணும் கொண்டு எழுப்பிய பிரமிடுக்குள், ஓவிட், தாந்தே, பிரெக்ட், மஹ்மூத் தர்வீஷ் முதலிய தம் நாட்டைப் பிரிந்து வாழ நேர்ந்த கவிஞர்களின் சொற்கள் இருட்டில் ஒலித்தன. அர்ஜென்டினாவின் செர்ஹியோ செக்ஃபெக் தம் நாவலைத் துண்டுகளாக்கி ஊர்ச்சுவர்களில் எழுதவைத்தார்.

குறையைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்புரை நேர்மையாக இராது. எழுத்தாளரும் கலைஞருமான ஷுபிகி ராவ் பொறுப்பேற்ற 2022 பதிப்பு டிசம்பர் 12க்குத் தயாராகாமல், கடைசி நேரத்தில் 23ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. பங்கேற்ற கலைஞர்கள் பலர் ஒன்றுசேர்ந்து வெளிப்படையான கடிதம் எழுதித் தங்கள் வருத்தத்தைத் தெரிவித்தார்கள். தேர்ந்தெடுத்து அழைத்தவர்களை உரிய நேரத்தில் வேலை செய்ய விடுவது விருந்தோம்பலின் முதற்கடமை. இன்னொன்று, எழுத்தாளர்களின் படைப்புகள் சுவர் வெள்ளையடிக்கப்பட்டதும் மறைந்துவிடக் கூடாது. அவை மலையாளத்திலும் அண்டை மொழிகளிலும் சிறு நூல்களாக வர வேண்டும். பெப்பர் ஹவுஸ் போன்ற இடத்தில் தமிழ்க் கவிஞர் ஒருவர் சில வாரங்கள் தங்கி எழுத வேண்டும் என்பதும் என் நெடுநாள் விருப்பம். விழாவின் பெயரிலுள்ள, சேர நாட்டுப் பழந்துறைமுகமான முசிறியின் மிளகு மூட்டைகளையும் யவனர் மரக்கலங்களையும் நம் சங்கப் பாடல்கள் அல்லவா பாடியிருக்கின்றன.

செல்ல விரும்புவோர் எர்ணாகுளத்திலிருந்து படகிலோ, 2024 முதல் ஃபோர்ட் கொச்சிவரை ஓடும் வாட்டர் மெட்ரோவிலோ போகலாம். ஆஸ்பின்வால் ஹவுஸ் முழுதும் திறந்திருந்தால் அதற்கு மட்டும் ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். பெப்பர் ஹவுஸை மறுநாள் காலையில், நூலகத்தில் உட்கார்ந்து படிக்கும் அவகாசத்தோடு பாருங்கள்.