முதல் மராத்தானுக்கு ஹால் ஹிக்டனின் நாவிஸ் 1: பதினெட்டு வாரமும் ஓடி முடித்துவிட்டு எழுதுகிறேன்

முதல் தடவை 42.195 கிலோமீட்டர் ஓடப் போகிறீர்கள், எந்தத் திட்டத்தை எடுப்பது என்று குழம்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், அமெரிக்க ஓட்டப் பயிற்சியாளர் ஹால் ஹிக்டன் புதியவர்களுக்காகப் போட்ட நாவிஸ் 1 திட்டத்தை எடுங்கள். 18 வாரம், வாரத்துக்கு நாலு நாள் ஓட்டம், ஒரு நாள் சைக்கிள் நீச்சல் மாதிரி ஏதாவது, இரண்டு நாள் முழு ஓய்வு. அட்டவணை அவருடைய இணையதளத்திலேயே இலவசமாக இருக்கிறது. குறைகளும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

இதற்கு முன்னால் வேறொரு புத்தகத்தை வாங்கி மாட்டிக்கொண்டேன், பெயர் வேண்டாம். பன்னிரண்டே வாரத்தில் மராத்தான் என்றது, வாரத்துக்கு ஆறு நாள் ஓட்டம், இரண்டாவது வாரத்திலேயே வேகப் பயிற்சி. ஏற்கெனவே நிறைய ஓடிப் பழகியவர்களுக்கான திட்டம் அது, ஆனால் அதை அந்தப் புத்தகம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஐந்தாவது வாரம் வலது காலில், முழங்காலுக்குக் கீழே எலும்பின் உள்பக்க ஓரத்தில் வலி வந்தது. அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து லேசாக அழுத்தினாலே உயிர் போகும், படியிறங்க ஒவ்வொரு முறையும் கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆறு வாரம் ஓடவே இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தபோது அந்த அட்டவணையை மறுபடி எடுத்துப் பார்த்தேன்: பந்தயத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் தூரம் ஏறிக்கொண்டேதான் போகிறது, நடுவில் ஒரு வாரம்கூட இறங்கவில்லை.

அதற்கப்புறம் எந்தத் திட்டம் கையில் கிடைத்தாலும் நேராக வாரக் கடைசி லாங் ரன் (அந்த வாரத்தின் மிக நீண்ட ஓட்டம்) கட்டத்துக்குத்தான் போவேன். அந்த எண்களை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். நாவிஸ் 1-இல் மைல் கணக்கில் 6, 7, 5 என்று தொடங்கும். அடுத்து 9, 10, 7. அதற்கடுத்து 12, ஒரு அரை மராத்தான், 10. இரண்டு வாரம் ஏறினால் மூன்றாவது வாரம் இறங்குகிறது, கவனித்தீர்களா? மூச்சும் இதயமும் சீக்கிரம் பழகிவிடும், எலும்பும் தசைநாரும் அவ்வளவு வேகமாகப் பழகாது, அவற்றுக்கு அந்த இறங்கு வாரம் வேண்டும். போன தடவை எனக்கு மூச்சு வாங்கவே இல்லை, ஆனால் கால் போய்விட்டது. இந்தத் தடவை ஏழு மைல் மட்டும் ஓட வேண்டிய ஆறாவது வாரத்தில் இன்னும் ஓடலாம் போலத்தான் இருந்தது, ஓடாமல் வீட்டுக்குத் திரும்பினேன். அந்த வலி திரும்பி வரவே இல்லை.

15-ஆவது வாரம் 20 மைல், ஏறக்குறைய 32 கிலோமீட்டர். உச்சம் அதுதான். பிறகு 12, 8 என்று இறக்கிவிட்டுப் பந்தயம். மிச்சம் பத்து கிலோமீட்டரை ஓடிப் பார்க்காமலே போவதா என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் முழுத் தூரத்தையும் பயிற்சியில் ஓடினால் அந்த அசதி தீரவே பல வாரம் ஆகும், தூரத்தை இறக்கும் அந்த டேப்பர் வாரங்களில் கிடைக்கும் ஓய்வுதான் கடைசி பத்துக்குக் கைகொடுக்கிறது.

வேகத்தைப் பற்றி இந்தத் திட்டம் சொல்வது ஒன்றுதான்: பேசிக்கொண்டே ஓடும் வேகம். பக்கத்தில் வருகிறவரிடம் ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் சரி, இரண்டு சொல்லுக்கு ஒருதரம் நிறுத்த வேண்டியிருந்தால் வேகம் அதிகம். மெதுவாக ஓட வெட்கப்படாதீர்கள், தயவுசெய்து. முதல் மராத்தானுக்குப் பயிற்சி எடுக்கிறவர்களைப் பெரும்பாலும் கெடுப்பது லாங் ரன்னில் காட்டும் வேகம்தான்.

இனி குறைகள். உச்ச வாரத்தில் மொத்தம் 40 மைல், அதில் பாதி அந்த ஒரே ஓட்டத்தில் வருகிறது, மற்ற நாட்களோடு பார்த்தால் இது பெரிய சுமை. ஹான்சன்ஸ் என்ற இன்னொரு மராத்தான் திட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே லாங் ரன் 16 மைலைத் தாண்டாது. ஆனால் அதற்கு வாரத்தில் ஆறு நாள் ஓட வேண்டும், புதிதாக வருகிறவரின் காலுக்கு அது கஷ்டம் என்பது என் எண்ணம்.

அடுத்து, சாப்பாடு. அட்டவணையில் அதைப் பற்றி எதுவும் இல்லை. 16 மைல் ஓட்டத்தில் முதல் தடவையாக ஜெல் (ஓடிக்கொண்டே சாப்பிடும், கூழ் மாதிரியான மாவுச்சத்து) சாப்பிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாதி வழி நடந்தே வந்தேன். உடம்பில் சேமித்து வைத்த மாவுச்சத்து பெரும்பாலானவர்களுக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது தீரத் தொடங்கும், அதனால் ஓடும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். எது ஒத்துக்கொள்கிறது என்று 12 மைல் ஓட்டத்திலேயே சோதிக்கத் தொடங்குங்கள். தண்ணீரும் தாகத்துக்குக் குடித்தால் போதும், அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகிவிடும்.

இன்னும் ஐந்து கிலோமீட்டர்கூட நிற்காமல் ஓட முடியாதவர்கள் ஜெஃப் காலவேயின் ஓட்டம்-நடை முறையைப் பார்க்கலாம். அவர் 1972 ஒலிம்பிக்கில் ஓடியவர். களைப்பதற்கு முன்னாலேயே, தொடக்கத்திலிருந்தே இடையிடையே நடக்கச் சொல்கிறார், கால் வெகுநேரம் தாங்குகிறது. நாவிஸ் 1-இல் முதல் வாரமே ஆறு மைல் வந்துவிடும், அதற்குத் தயாராகாமல் உள்ளே வராதீர்கள்.

கடைசியாக ஒன்று, காய்ச்சலில் ஒரு வாரம் போய்விட்டால் அந்தத் தூரத்தை அடுத்த வாரத்தோடு சேர்த்து ஓடாதீர்கள், விட்டதை விட்டுவிடுங்கள். மூன்று நாலு வாரம் போய்விட்டதென்றால் பந்தயத் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.